பிஎச் எண்ணிலிருந்து ஐதரசன் அயன் செறிவு: கிணற்றடியிலேயே செய்யும் கணக்கு

இந்த அத்தியாயம் இரண்டு பேருக்காக எழுதப்பட்டது. ஒருவர், எழுவைதீவு போன்ற ஒரு தீவில் இருந்துகொண்டு வளவுக் கிணற்றுத் தண்ணீரையும் பனையில் இறக்கும் கருப்பநீரையும் தானே அளந்து பார்க்க விரும்புபவர். மற்றவர், உயர்தர இரசாயனவியல் படிக்கும் மாணவர். பரீட்சையில் அவருக்குக் கணிப்பான் கொண்டுபோக இடமில்லை. இருவருக்கும் தேவை ஒரே கணக்குத்தான்: கையில் ஒரு பிஎச் எண் இருக்கிறது, அதிலிருந்து ஒரு லீற்றரில் எத்தனை மூல் ஐதரசன் அயன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

எழுவைதீவு இந்தக் கணக்குக்கு ஏற்ற இடம். ஊர்காவற்றுறையில் படகேறிப் போகும் இந்தச் சிறு தீவில் ஒரு நாளிலேயே நடந்து நடந்து மழைநீர், சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுநீர், கடல்நீர், கள், சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீர் என ஐந்து விதமான நீர்மங்களை அளந்துவிடலாம். பிஎச் 4 தொடக்கம் 11 வரை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம்

பிஎச் அளவுகோலை 1909இல் உருவாக்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன்சன். அவர் வேலை செய்தது கொப்பன்ஹேகனில் இருந்த கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில். அது ஒரு பியர் கம்பனியின் ஆய்வுகூடம். பத்தின் மறைச் சுட்டியாக வரும் குட்டி எண்களை ஒவ்வொரு முறையும் எழுதுவதற்குப் பதிலாக, சுட்டியை மட்டும் எடுத்து, மறைக் குறியைக் கழற்றி எழுதினார். அவ்வளவுதான் பிஎச்.

ஆகவே சூத்திரம் ஒன்றே ஒன்று:

ஐதரசன் அயன் செறிவு = 10 இன் சுட்டியாக (−பிஎச்)

சொல்லாகச் சொன்னால், பிஎச் எண்ணுக்கு முன்னால் மறைக் குறி போட்டு அதைப் பத்தின் சுட்டியாக்குங்கள். வரும் விடையின் அலகு, லீற்றருக்கு மூல். பிஎச் 7 என்றால் செறிவு 10⁻⁷. பிஎச் 4 என்றால் 10⁻⁴.

மனதில் வைக்க வேண்டியவை இரண்டு. பிஎச் கூடினால் ஐதரசன் அயன் குறையும். பிஎச் ஒரு அலகு மாறினால் செறிவு பத்து மடங்கு மாறும். இரண்டு அலகு மாறினால் நூறு மடங்கு.

தேவையான பொருட்கள்

1. பேனை வடிவ பிஎச் மானி ஒன்று. இரண்டு தசமதானம் காட்டுவது நல்லது.
2. தாங்கற் கரைசல் செய்யும் தூள் பைகள். பெரும்பாலும் 4.01, 6.86, 9.18 என்று அச்சிட்டிருக்கும்.
3. மின்வாயை நனைத்து வைக்கும் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல்.
4. காய்ச்சி வடித்த தண்ணீர்.
5. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குவளைகள் ஐந்து. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டுங்கள்.
6. வெப்பமானி, கொப்பி, பென்சில். பேனை மை தண்ணீரில் ஊறிவிடும்.
7. கண் கவசமும் றப்பர் கையுறையும். சுண்ணாம்பைத் தொடுவதென்றால் இவை கட்டாயம்.

*குறிப்பு:* இவற்றில் ஒன்றை மறந்துவிட்டால் தீவுக்குள் வாங்க முடியாது. யாழ்ப்பாணத்தில் வாங்கி, படகேறுமுன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். படகில் உப்புத் தூவானம் அடிக்கும். மானியை இறுக்கி மூடும் பெட்டியில் வையுங்கள்.

*எச்சரிக்கை:* காய்ச்சி வடித்த தண்ணீரைப் பலரும் எரிபொருள் நிலையத்தில் பற்றரித் தண்ணீராக வாங்குவார்கள். அதே தட்டில் பற்றரி அசிற்றும் இருக்கலாம். அது சல்பூரிக்கமிலம். போத்தலின் ஒட்டியை வாசித்து வாங்குங்கள். வீட்டில் குடிதண்ணீர்ப் போத்தல்களுக்குப் பக்கத்தில் இரண்டையும் வைக்க வேண்டாம்.

முதற்படி: மானியைச் சரிசெய்தல்

கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும் மானி பிழையாகக் காட்டினால் பயனில்லை. அளக்கப் போகும் நாள் காலையில் இதைச் செய்யுங்கள்.

1. தூள் பையை வெட்டி, பையில் எழுதியிருக்கும் அளவு காய்ச்சி வடித்த தண்ணீரில் கரையுங்கள். கிணற்றுத் தண்ணீரில் கரைக்கக் கூடாது. அதிலுள்ள இருகாபனேற்று கரைசலின் எண்ணையே மாற்றிவிடும்.
2. மின்வாயைக் கழுவி, தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.
3. முதலில் 6.86 கரைசலில் வைத்து, எண் அசையாமல் நின்றபின் மானியைச் சரிசெய்யுங்கள்.
4. கழுவி ஒற்றுங்கள். கள் அளப்பதென்றால் 4.01, கிணற்றுநீரும் கருப்பநீரும் அளப்பதென்றால் 9.18. எல்லாமே அளப்பதென்றால் மூன்றும்.
5. திரும்பவும் 6.86இல் வைத்துப் பாருங்கள். 0.05க்கு மேல் விலகினால் முதலிலிருந்து செய்யுங்கள்.

பயன்படுத்திய தாங்கற் கரைசலைப் போத்தலுக்குள் திரும்ப ஊற்ற வேண்டாம்.

இரண்டாம் படி: மாதிரி எடுத்தல்

*கிணற்றுநீர்*

மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கரைக்கிறது. அதனால்தான் தீவகக் கிணறுகளில் பிஎச் பெரும்பாலும் 7க்கு மேல் நிற்கிறது, கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டுகிறது. அந்தத் தண்ணீரை வெளியே எடுத்ததும் உள்ளே அடைபட்டிருந்த காபனீரொட்சைட்டு மெல்ல வெளியேறத் தொடங்கும். வெளியேற வெளியேற பிஎச் ஏறும்.

இதைக் கண்ணாலே பார்க்கலாம். குவளையில் மானியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். 7.21 என்று நின்ற எண் 7.23, 7.26 என்று ஊர்ந்துகொண்டே போகும். குவளையைக் குலுக்கினால் இன்னும் விரைவாக ஏறும். மானி பழுதாகவில்லை, தண்ணீர்தான் மாறிக்கொண்டிருக்கிறது.

ஆகவே:

1. முதலில் அள்ளிய இரண்டு வாளித் தண்ணீரை வாளியையும் குவளையையும் கழுவப் பயன்படுத்துங்கள்.
2. மூன்றாவது வாளியில் குவளையை மெதுவாக அமிழ்த்தி நிரப்புங்கள். உயரத்திலிருந்து ஊற்றக் கூடாது.
3. கிணற்றடியிலேயே அளவுங்கள். எண் முதன்முறையாக நிலைத்து நின்றதும் எழுதிக்கொள்ளுங்கள்.
4. வெப்பநிலை, நேரம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். மாரிக்குப் பின் எடுத்த எண்ணும் கோடையில் எடுத்த எண்ணும் வேறு வேறு கதை சொல்லும்.
5. யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் போத்தலைக் காற்றுக் குமிழ் இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, குளிராக வைத்து, அன்றைக்கே கொண்டுபோங்கள்.

*எச்சரிக்கை:* கட்டு இல்லாத கிணறுகளில் குனிந்து குவளையை நீட்ட வேண்டாம். வாளியை இழுத்து நிலத்தில் வைத்தபிறகே அளவுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போனால் இன்னொரு பெரியவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.

*கருப்பநீரும் கள்ளும்*

பாளையிலிருந்து வடியும் பதநீர் இறங்கும்போது கிட்டத்தட்ட நடுநிலையாகவே இருக்கும். வெறும் முட்டியில் விட்டால் நொதித்துக் கள்ளாகும், பிஎச் 4 அளவுக்கு இறங்கும். முட்டியின் உட்பக்கம் சுண்ணாம்பு பூசினால் பிஎச் உயர்ந்து நொதித்தல் தடைப்படும். அதுதான் பனங்கட்டி காய்ச்ச உதவும் கருப்பநீர்.

1. மாதிரியைச் சீவல் தொழிலாளியிடம் கேட்டு, முட்டி இறங்கிய உடனே வாங்குங்கள். “அண்ணை, முட்டிக்கு எப்ப சுண்ணாம்பு பூசினனீங்கள்? நேற்றுப் பின்னேரமோ, இண்டைக்குக் காலமையோ?” என்று கேட்டு விடையையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்கள் எண்ணுக்கு விளக்கம் இருக்காது.
2. சுண்ணாம்புத் துகள் அடியில் தங்கியபின் மேலே தெளிந்த பகுதியில் மானியை வையுங்கள்.
3. ஒழுங்கு முக்கியம். மழைநீர், கிணற்றுநீர், கடல்நீர், கள், கடைசியில் கருப்பநீர். சுண்ணாம்பும் சீனியும் மின்வாயில் ஒட்டினால் அடுத்த அளவீடு பிழைத்துவிடும்.
4. கருப்பநீர் அளந்து முடிந்ததும் மின்வாயைத் தண்ணீர் கலந்த வினாகிரியில் சில நிமிடம் வைத்துக் கழுவி, நனைக்கும் கரைசலில் போடுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவிட்டால் மின்வாய் கெட்டுவிடும்.

*எச்சரிக்கை:* சுண்ணாம்புத் தெளிநீரின் பிஎச் 12க்கு மேல் போகும். கண்ணில் பட்டால் உடனே நிறையச் சுத்தமான தண்ணீரால் குறைந்தது 15 நிமிடம் தொடர்ந்து கழுவி, தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். நீறாத சுண்ணாம்புக்குள் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். தண்ணீருக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுவதே முறை. மானி வைத்த குவளையில் இருந்ததைக் குடிக்கவும் வேண்டாம், முட்டிக்குள் திரும்ப ஊற்றவும் வேண்டாம்.

மூன்றாம் படி: கணக்கு

இனி வரும் எண்கள் கணக்குப் பழகுவதற்காக எடுத்தவை. உங்கள் கொப்பியில் உள்ள எண்களை அவற்றின் இடத்தில் போட்டுச் செய்யுங்கள்.

*முறை 1: கணிப்பான்*

கிணற்றுநீரின் பிஎச் 7.6 என்று வைத்துக்கொள்வோம்.

1. ஷிப்ட் பொத்தானை அழுத்தி, அடுத்து லொக் பொத்தானை அழுத்துங்கள். அதற்கு மேலே சிறிதாக எழுதியிருக்கும் ‘பத்தின் சுட்டி’ வேலை செய்யும்.
2. மறைக் குறியை அழுத்துங்கள். அடைப்புக்குள் இருக்கும் மறைப் பொத்தான் அதற்கென்றே உள்ளது.
3. 7.6 என்று அடித்து, சமன் அழுத்துங்கள்.
4. விடை 2.51 × 10⁻⁸ என்று வரும். சில கணிப்பான்களில் 2.51க்குப் பக்கத்தில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் −8ம் தெரியும். இரண்டும் ஒன்றே.

போனில் செய்வதென்றால் பல போன்களில் கணிப்பானைத் திறந்து போனைக் குறுக்காகத் திருப்பினால் விஞ்ஞானக் கணிப்பான் வரும். சுட்டியை அடைப்புக்குள் போட மறக்க வேண்டாம்.

*முறை 2: கையால்*

இதுதான் பரீட்சைக்கும் மின்சாரமில்லாத இடத்துக்கும் உதவும் முறை. முழுச் சூட்சுமமும் ஒரே அடியில் இருக்கிறது: பிஎச் எண்ணை, அதற்கு அடுத்த பெரிய முழு எண்ணிலிருந்து ஒரு தசமத்தைக் கழித்ததாக எழுதுங்கள்.

1. 7.6 = 8 − 0.4
2. ஆகவே செறிவு = 10⁰·⁴ × 10⁻⁸
3. கீழுள்ள பட்டியலில் 0.4க்கு நேரே 2.5 என்று இருக்கிறது.
4. விடை: 2.5 × 10⁻⁸ மூல், ஒரு லீற்றருக்கு.

பட்டியல்:

0.1 → 1.26
0.2 → 1.58
0.3 → 2.00
0.4 → 2.51
0.5 → 3.16
0.6 → 3.98
0.7 → 5.01
0.8 → 6.31
0.9 → 7.94

*குறிப்பு:* இதை மனனம் செய்யத் தேவையில்லை. 0.3க்கு 2 என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். சுட்டியைக் கூட்டினால் எண்கள் பெருகும், ஆகவே 0.6க்கு 4, 0.9க்கு 8. சுட்டியைக் கழித்தால் எண்கள் வகுபடும். 1 − 0.3 = 0.7 ஆதலால் அதற்கு 10 ÷ 2 = 5. அதிலிருந்து 0.4க்கு 5 ÷ 2 = 2.5, 0.1க்கு 2.5 ÷ 2 = 1.25. 0.9 − 0.7 = 0.2 ஆதலால் 8 ÷ 5 = 1.6. மிச்சமுள்ள 0.8க்கு 10 ÷ 1.6, அதாவது கிட்டத்தட்ட 6.3. 0.5க்கு மட்டும் பத்தின் வர்க்கமூலம், 3.16.

*முறை 3: மடக்கை அட்டவணை*

பிஎச் இரண்டு தசமதானத்தில் இருந்தால் அட்டவணை உதவும். பிஎச் 7.43 என்றால்:

1. 7.43 = 8 − 0.57
2. முரண்மடக்கை அட்டவணையில் 0.57ஐப் பாருங்கள்: 3.715
3. செறிவு = 3.7 × 10⁻⁸

அட்டவணை மறைத் தசமத்தை ஏற்காது. நேராக 0.43ஐப் பார்த்து 2.69 × 10⁻⁷ என்று எழுதுவதுதான் இந்த இடத்தில் அதிகம் நடக்கும் பிழை.

செய்து காட்டிய ஐந்து எடுத்துக்காட்டுகள்

1. மழைநீர், பிஎச் 5.6. 6 − 0.4. செறிவு 2.5 × 10⁻⁶. மாசில்லாத மழைநீரும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொள்வதால் இந்த அளவு அமிலத்தன்மை இருக்கும்.
2. கிணற்றுநீர், பிஎச் 7.6. 2.5 × 10⁻⁸. முதல் எடுத்துக்காட்டோடு ஒப்பிட்டால் நூறில் ஒன்று. மழைநீருக்கும் இதற்கும் இடையில் சுண்ணாம்புக்கல் செய்த வேலை அந்த நூறு மடங்கு.
3. கடல்நீர், பிஎச் 8.1. 9 − 0.9. செறிவு 7.9 × 10⁻⁹. கிணற்றுநீரில் இதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஐதரசன் அயன் உண்டு.
4. கள், பிஎச் 4.2. 5 − 0.8. செறிவு 6.3 × 10⁻⁵. பிஎச் 7.2இல் இருந்த பதநீர் நொதித்து இந்த நிலைக்கு வந்திருந்தால் ஐதரசன் அயன் ஆயிரம் மடங்கு பெருகியிருக்கிறது.
5. கருப்பநீர், பிஎச் 10.8. 11 − 0.2. செறிவு 1.6 × 10⁻¹¹. இங்கே ஐதரசன் அயனைவிட ஐதரொட்சைட்டு அயனே முக்கியம். அதற்கும் பிஎச் போலவே ஒரு எண் உண்டு, 25 பாகையில் இரண்டையும் கூட்டினால் 14. அந்த 14இலிருந்து 10.8ஐக் கழித்தால் 3.2, 3.2 = 4 − 0.8; ஆகவே ஐதரொட்சைட்டு அயன் செறிவு 6.3 × 10⁻⁴.

ஐந்தாவது கணக்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 14 என்ற எண் 25 பாகை செல்சியசுக்கு மட்டும் உரியது. 30 பாகையில் அது 13.83. தீவில் பகலில் அளந்தால் பெரும்பாலும் 30 பாகைதான் இருக்கும். அப்போது 13.83 − 10.8 = 3.03, விடை 9.3 × 10⁻⁴. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வித்தியாசம். பரீட்சையில் வேறு சொல்லாவிட்டால் 14ஐ எடுங்கள். கிணற்றடியில் வெப்பநிலையைப் பார்த்து எடுங்கள். இதே காரணத்தால் 30 பாகையில் நடுநிலை 7.00 அல்ல, 6.92.

நான்காம் படி: விடையைச் சரிபார்த்தல்

எழுதுமுன் மூன்று கேள்விகள்:

1. *சுட்டி சரியான இடத்தில் இருக்கிறதா?* பிஎச் 7.6 என்றால் விடை 10⁻⁷க்கும் 10⁻⁸க்கும் இடையில் விழ வேண்டும்.
2. *பின்னோக்கிப் போனால் அதே எண் வருகிறதா?* 2.5இன் மடக்கை 0.4. 8 − 0.4 = 7.6. சரி.
3. *மானி காட்டியதைவிட நுட்பமாக எழுதிவிட்டேனா?* பிஎச் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கமோ, செறிவில் அத்தனை பொருளுடை இலக்கங்களுக்கே மதிப்பு. 7.62 என்றால் 2.4 × 10⁻⁸. வெறும் 7.6 என்றால் 3 × 10⁻⁸ என்று எழுதினாலே போதும். இரண்டாவது இலக்கத்தை இடைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைப் பலர் அலட்சியம் செய்வார்கள். மானி 0.1 பிழை விடக்கூடியது என்றால் 7.6 என்பது 7.5ஆகவும் இருக்கலாம், 7.7ஆகவும் இருக்கலாம். செறிவில் அது 3.2 × 10⁻⁸ தொடக்கம் 2.0 × 10⁻⁸ வரை. கணிப்பான் காட்டும் 2.511886 என்ற நீளம் தண்ணீரிலிருந்து வந்ததல்ல. நிறம் மாறும் தாளால் அளந்து ஒரு அலகுப் பிழை இருந்தால் செறிவில் பத்து மடங்கு தடுமாறும். அப்போது சுட்டியை மட்டும் சொல்லுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிழைகள்

1. மறைக் குறியை விடுதல். விடை 39,810,717 என்று வரும். ஒரு லீற்றரில் நான்கு கோடி மூல் எதுவும் அடங்காது.
2. பத்தின் சுட்டிக்குப் பதிலாக இயற்கை மடக்கைப் பொத்தானை அழுத்துதல். 7.6க்கு 5.0 × 10⁻⁴ வந்தால் இதுதான் காரணம்.
3. வெப்பநிலைத் திருத்தம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்புதல். மானி தன் மின்வாயின் போக்கைத்தான் திருத்துகிறது. தண்ணீரின் பிஎச் வெப்பத்தால் உண்மையாகவே மாறினால் அது அப்படியே காட்டும்.
4. பிஎச் எண்களைச் சராசரி எடுத்தல். ஒரு கிணறு 7.0, இன்னொன்று 8.0. நேர்ச் சராசரி 7.5. ஆனால் செறிவுகள் 1.0 × 10⁻⁷, 1.0 × 10⁻⁸. அவற்றின் சராசரி 5.5 × 10⁻⁸. அதைத் திரும்ப மாற்றினால் பிஎச் 7.26. செறிவுச் சராசரி வேண்டுமென்றால் முதலில் செறிவாக்குங்கள், பிறகு கூட்டுங்கள்.
5. அந்தச் சராசரியைக் கலவையின் பிஎச் என்று நினைத்தல். இரண்டு கிணற்றுத் தண்ணீரையும் ஒரே தாங்கியில் விட்டால் 7.26 வரும் என்று சொல்ல முடியாது. தண்ணீரிலுள்ள இருகாபனேற்று ஐதரசன் அயனை வாங்கவும் விடவும் செய்யும். கலந்துவிட்டு மானியால் அளப்பதே வழி.
6. பிஎச் எண்ணை மட்டும் வைத்து, சேர்க்க வேண்டிய அமிலத்தைக் கணக்கிடுதல். பிஎச் 7.6 உள்ள 1,000 லீற்றர்த் தாங்கியில் ஐதரசன் அயன் மொத்தமாக 0.025 மில்லிகிராம்தான். ஆனால் அந்தத் தாங்கியின் பிஎச்சை அசைக்க அதைவிடப் பல்லாயிரம் மடங்கு அமிலம் வேண்டும், இருகாபனேற்று தடுத்துக்கொண்டிருக்கும். கருப்பநீரில் கரையாத சுண்ணாம்பும் அப்படித்தான். சிறிது சிறிதாகச் சேர்த்து அளந்து பார்ப்பது ஒன்றே பாதுகாப்பானது.
7. “இரண்டு மடங்கு அமிலம்” என்று தவறாகச் சொல்லுதல். பிஎச் 4, பிஎச் 8இன் பாதி அல்ல. ஐதரசன் அயன் பத்தாயிரம் மடங்கு வேறுபடும். ஒப்பிட ஒரே விதி: பிஎச் வித்தியாசத்தைப் பத்தின் சுட்டியாக்குங்கள்.

இந்த எண் சொல்லாதவை

இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயம் பிஎச் 6.5 தொடக்கம் 8.5 வரை இருக்கலாம் என்கிறது. செறிவாகப் பார்த்தால் 3.2 × 10⁻⁷ தொடக்கம் 3.2 × 10⁻⁹ வரை, நூறு மடங்கு அகலமான கதவு. அதற்குள் உங்கள் கிணறு இருக்கிறது என்பதால் தண்ணீர் குடிக்கக்கூடியது என்று ஆகாது.

மூன்றாவது எடுத்துக்காட்டைத் திரும்பப் பாருங்கள். கிணறு 7.6, கடல் 8.1. நிலத்தடி நன்னீருக்குக் கீழே கடல்நீர் நிற்கும் தீவில், கோடையில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு சவர் ஆகும். அப்போதும் பிஎச் பெரிதாக அசையாது. சவரைப் பார்க்க மின்கடத்துதிறன் மானி வேண்டும். மலக்குழியிலிருந்தோ தோட்டத்து உரத்திலிருந்தோ சேரும் நைத்திரேற்றும், கிருமிகளும் பிஎச் மானிக்குத் தெரியாது. அவற்றுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லி மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். கருப்பநீர், பனங்கட்டி பற்றிய கேள்வி என்றால் கைதடியில் உள்ள பனை ஆராய்ச்சி நிறுவகத்தில் கேட்கலாம்.

கொப்பியில் எழுத வேண்டிய ஒழுங்கு

ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு வரி: திகதி, நேரம், இடம், மாதிரி, வெப்பநிலை, பிஎச், செறிவு, குறிப்பு. பிஎச் எண்ணை அடித்து அழித்துச் செறிவை மட்டும் வைத்திருக்க வேண்டாம். கணக்கில் பிழை இருந்தால் திரும்பப் போட மூல எண் தேவை.

பயிற்சி

1. கிணற்றுநீர், பிஎச் 7.3. செறிவு என்ன?
2. பழைய கள், பிஎச் 3.9. செறிவு என்ன?
3. கருப்பநீர், பிஎச் 11.4. செறிவு என்ன?
4. வடக்குக் கிணறு 7.2, தெற்குக் கிணறு 7.8. எதில் ஐதரசன் அயன் கூட, எத்தனை மடங்கு?
5. செறிவு 2.0 × 10⁻⁶. பிஎச் என்ன?
6. கைத்தொழிற் புரட்சிக்குப் பின் உலகக் கடல்களின் மேற்பரப்பு பிஎச் ஏறத்தாழ 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது. ஐதரசன் அயன் எத்தனை வீதம் கூடியிருக்கிறது?

விடைகள்

1. 8 − 0.7, 5.0 × 10⁻⁸.
2. 4 − 0.1, 1.3 × 10⁻⁴.
3. 12 − 0.6, 4.0 × 10⁻¹².
4. வடக்குக் கிணற்றில். வித்தியாசம் 0.6, நான்கு மடங்கு.
5. 6 − 0.3, 5.7.
6. வித்தியாசம் 0.1, 1.26 மடங்கு, அதாவது ஏறத்தாழ 26 வீதம் கூடியிருக்கிறது. ஆறாவது விடை பிழைத்திருந்தால் “அடிக்கடி நடக்கும் பிழைகள்” பகுதியின் ஏழாவது குறிப்பை வாசித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள், 0.1 என்ற சின்ன எண்ணைப் பார்த்து ஒரு வீத மாற்றம் என்று எழுதுபவர்கள்தான் அதிகம்.